பதினோரு அடி மூன்று அங்குலம்

கரூரில் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டினேன். சேசிஸ் வெறும் எலும்பாக வந்து நிற்கும். அதற்கு விலா வைத்து, தகடு போர்த்தி, கண்ணாடி மாட்டி, பெயிண்ட் அடித்து அனுப்புவோம். அந்த வேலையில் நான் அதிகம் பயந்தது கூரைக்குத்தான். பக்கத் தகடு நசுங்கினால் அன்றைக்கே கண்ணில் படும். கூரையில் ஒரு ரிவெட் சரியாக உட்காரவில்லை என்பது ஐப்பசி மழையில் யாரோ ஒரு பாட்டியின் மடியில் தண்ணீர் சொட்டும்போதுதான் தெரியும். வெயிலுக்கு, மழைக்கு, மேலே ஏற்றுகிற மூட்டைக்கு, அதன்மேல் ஏறி நடக்கிற கிளீனருக்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுக் கூரை கட்டியிருக்கிறேன். வானத்திலிருந்து விழும் பனிக்கட்டிக்கு ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை.

2017 ஏப்ரல் கடைசியில் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குப் போனோம். கொலராடோவில், டென்வரை ஒட்டி மேற்கே இருக்கும் லேக்வுட். போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மே 8, திங்கட்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் டூல்ஸ் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேற்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது. முதல் கல் சிமெண்ட் தரையில் விழுந்து முழங்கால் உயரத்துக்கு எகிறிக் குதித்தது. யாரோ பந்து எறிகிறார்கள் என்று தெருவை எட்டிப் பார்த்தேன். அதற்குள் இரண்டாவது, மூன்றாவது. பிறகு எண்ண முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் இதைக் கல்மழை என்போம். சித்திரை, வைகாசியில் எப்போதாவது ஒரு தடவை, கோடைமழையோடு நாலு கல் விழும். அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். நாங்கள் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வோம். சுண்டல் அளவு இருந்தாலே ஊரெல்லாம் பேச்சு. லேக்வுட்டில் அன்று விழுந்தது சாத்துக்குடி அளவு. தெருவில் நின்றிருந்த கார்களின் பின்கண்ணாடி ஒவ்வொன்றாகப் பொத்துக்கொண்டு உள்ளே போயிற்று. மழை நின்றதும் எழுந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை: கீரையைப் பொடியாக அரிந்த மாதிரி பச்சை வாசனை. மரங்களின் இலையெல்லாம் நறுங்கித் தரையில் கிடந்தது. பக்கத்திலிருந்த கொலராடோ மில்ஸ் என்ற பெரிய மால் கூரை பொத்துத் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. காப்பீட்டுக்காரர்கள் கொடுக்க வேண்டிவந்த தொகை 230 கோடி டாலர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அந்த மாநிலம் அதுவரை கண்ட ஆலங்கட்டி மழைகளில் அதிகச் செலவு வைத்தது அதுதான்.

அந்த மழைதான் எங்களுக்கு வண்டியையும் கொடுத்தது. அடுத்த தெருவில் ஒரு மோட்டார்ஹோம் நின்றிருந்தது. 2006 மாடல், ஃபோர்டு ஈ-450 சேசிஸ்மேல் கட்டினது. உள்ளே அடுப்பு, பிரிட்ஜ், கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. என் மனைவி அதை வீட்டுவண்டி என்றுதான் சொல்வார். கல் விழுந்து அதன் முதுகு போய்விட்டது. உரிமையாளர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியை இருந்த நிலையில் குறைந்த விலைக்குக் கொடுப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “மாமா, இதச் சரி பண்ண முடியுமாங்க?” என்றார். ஏணியைக் கொண்டு வரச் சொன்னேன்.

மேலே ஏறியதும் முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் பஸ் கூரையில் எங்கே கால் வைத்தாலும் அடியில் ஒரு விலா தாங்கும். இதில் மெல்லிய மரச்சட்டம், நடுவில் ஃபோம், மேலே பிளைவுட், அதன்மேல் ஒட்டின ரப்பர் விரிப்பு. பாரத்தைக் குறைப்பதற்காக அப்படி. கால் வைத்தால் லேசாக அமுங்குகிறது. ஆனால் குனிந்து பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. ரப்பர் பெரும்பாலும் தப்பித்திருந்தது. கல் விழுந்த இடத்தில் பள்ளம் மட்டும், கிழிசல் இல்லை. போனதெல்லாம் கூரையில் வெட்டின ஓட்டைகளின் மூடிகள். 14 அங்குலச் சதுரத்தில் இரண்டு காற்றுப்போக்கிகள், குளியலறைக்கு மேலே ஒரு வெளிச்சக் கூண்டு, பிரிட்ஜின் சூடு வெளியேறும் குழல் மூடி, ஏசியின் மேல்தொப்பி. எல்லாமே பிளாஸ்டிக். டென்வர் கடல்மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே வெயிலில் புறஊதாக்கதிர் அதிகம். பத்து வருஷம் அந்த வெயிலைக் குடித்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. விரலால் அழுத்தினாலே உடைந்தது.

உள்ளே இன்னும் மோசம். வெளிச்சக் கூண்டைச் சுற்றிய பிளைவுட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். ஊறின ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது. கல் விழுந்தது கால் மணி நேரம். அதற்குப் பிறகு மூன்று வாரமாகத் தண்ணீர் தன் வேலையைச் செய்திருக்கிறது. நசுங்கின பக்கத் தகட்டைப் பார்த்து ஜனங்கள் ஐயோ என்கிறார்கள். அது வெறும் அழகு போன விஷயம், வண்டி ஓடும். உடைந்த ஒரு மூடியை அன்றைக்கே அடைக்காமல் விட்டால் அந்த வண்டி உள்ளிருந்து அழுகும். இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கரூரில் ஒழுகின பஸ்கள் கற்றுக்கொடுத்தது.

ஜூன் மாதம் முழுக்க அந்தக் கூரைமேலேயே இருந்தேன். அழுகின பிளைவுட்டை வெட்டி எடுத்துப் புதியது வைத்தேன். சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப், அதன்மேல் ஸ்க்ரூ, ஒவ்வொரு ஸ்க்ரூ தலைமேலும் சீலன்ட். காற்றுப்போக்கிகளுக்குப் பழைய மாதிரி மூடி வாங்க மாப்பிள்ளை போனபோது வேண்டாம் என்று சொல்லி பாலிகார்பனேட் மூடிகளாக வாங்க வைத்தேன். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அது அடித்தால் வளைந்து கொடுக்கும், நொறுங்காது. அதற்கும் மேலே காற்று நுழைய இடம் விட்டு ஒரு கூண்டு. முன்னால் டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைபர் முகப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிசல். அதைச் சுரண்டி ரெசின் பூசி மூடினேன். பக்கத் தகட்டுப் பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டோம். மாப்பிள்ளை ஒவ்வொரு பள்ளத்தையும் தேதியோடு போட்டோ எடுத்து வைத்தார். பழைய அடி எது, புதிய அடி எது என்று பிற்பாடு காப்பீட்டில் கேட்பார்கள் என்பது அவர் முன்யோசனை. மிகச் சரியான காரியம்.

கல் தாங்க மூடிகள்மேல் மெத்தை கட்டுகிற யோசனை என் மனைவியுடையது. குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிற ஃபோம் பாய்கள் வீட்டில் கிடந்தன. அவற்றை இரண்டு அடுக்காக வைத்து, கெட்டியான கேன்வாஸ் துணியால் உறை தைத்து, நாலு மூலையிலும் பட்டை வைத்தார். கரூர்க்காரிக்குத் துணியும் தையலும் சொல்லித்தர வேண்டுமா. ஏசிக்கு ஒன்று, வெளிச்சக் கூண்டுக்கு ஒன்று, காற்றுப்போக்கிகளுக்கு இரண்டு, முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் சேர்த்து நீளமாக ஒன்று. வண்டி நிற்கும்போது மட்டும் கட்ட வேண்டியவை. ஓடும்போது காற்று பிய்த்துக்கொண்டு போய்ப் பின்னால் வருகிறவர் கண்ணாடியில் அடிக்கும். நான் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னது இன்னொன்று: இடி சத்தம் ஒரு தடவை கேட்டுவிட்டால் யாரும் கூரைமேல் ஏறக்கூடாது. மெத்தை கட்டவில்லையா, போகட்டும். மூடி இருபது டாலர். உயிர் அப்படி இல்லை.

இந்த வேலை நடக்கும்போது ராத்திரிகளில் மாப்பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தார். அவர் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாலும் வானிலையில் பைத்தியம். கொலராடோ, நெப்ராஸ்கா, வயோமிங் மூன்றும் சந்திக்கிற இடத்தை அங்கே ஆலங்கட்டிச் சந்து என்கிற பொருளில்தான் அழைக்கிறார்கள். வருஷத்துக்கு ஏழு முதல் ஒன்பது நாள் அங்கே கல் விழும். ஏன் அங்கே மட்டும் என்று கேட்டேன். மேகத்துக்குள் மேல்நோக்கி அடிக்கிற காற்று கல்லைக் கீழே விழவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரிகிற நீர்த்துளிகள் கல்மேல் மோதி ஒட்டி உறைகின்றன. காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் கல் விழுகிறது. கரூர் கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். கல் வெதுவெதுப்பான காற்று வழியாக நாலைந்து கிலோமீட்டர் இறங்கி வருவதற்குள் கரைந்து மழையாகிவிடும். நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் நிலமே 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல் கரைய நேரமில்லை. அம்மாவின் சொம்பில் ஏன் சுண்டல் மட்டும் விழுந்தது என்பது அறுபத்து மூன்று வயதில் எனக்கு விளங்கியது.

2010 ஜூலை 23-ல் தெற்கு டகோட்டாவின் விவியன் என்ற ஊரில் விழுந்த கல் 8 அங்குலக் குறுக்களவு, ஏறக்குறைய 880 கிராம். அமெரிக்காவில் பதிவானதில் பெரியது அதுதான். அந்தக் கல்லின் படத்தைப் பார்த்தபோது ஒன்று தீர்மானமாயிற்று. அப்படி ஒன்று வந்தால் மெத்தையும் இல்லை, பாலிகார்பனேட்டும் இல்லை. இரண்டிலிருந்து நாலு அங்குலம் வரையுள்ள கற்களே மணிக்கு எழுபதிலிருந்து நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் இறங்குமாம். நாம் செய்கிற ஏற்பாடெல்லாம் நெல்லிக்காய், எலுமிச்சங்காய் வரைக்கும்தான். சாத்துக்குடிக்கு ஒரே வழி, அது விழுகிற இடத்தில் நாம் இல்லாமல் இருப்பது.

ஜூலை நடுவில் கிளம்பினோம். பிளாக் ஹில்ஸ் மலைகளைப் பார்ப்பது திட்டம். வழியில் அல்லயன்ஸ் என்ற ஊரில் பழைய கார்களை மண்ணில் செங்குத்தாக நட்டு, மேலே கார்களையே உத்தரமாக வைத்து, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி ஒருவர் 1987-ல் எழுப்பியிருக்கிறார், தன் அப்பாவின் நினைவாக. மாப்பிள்ளை அதை எனக்காகவே திட்டத்தில் சேர்த்திருந்தார். பாடி கட்டினவன் பார்க்க வேண்டியது என்று.

வண்டியில் ஒரு வானிலை ரேடியோ. 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் அரசாங்க வானிலைச் சேவை நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் தானே அலறும். அதில் ஒரு சங்கடம். ஊர் பேரைவிட அது மாவட்டப் பேரைத்தான் முதலில் சொல்லும். கவுண்டி என்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் கவுண்டி தெரியும். வழிப்போக்கனுக்கு எங்கே தெரியப் போகிறது? நெடுஞ்சாலையில் போகிறவனுக்குத் தான் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் அந்த அலறலுக்கு அர்த்தமே இல்லை. போதாததற்கு, ஷையன் என்பது வயோமிங்கில் ஒரு நகரம். நெப்ராஸ்காவில் ஒரு கவுண்டி. எச்சரிக்கை கொடுக்கிற அலுவலகம் இருப்பது அந்த நகரத்தில்; நாம் நிற்பது இந்தக் கவுண்டியில். அதனால் பேத்திக்கு ஒரு வேலை கொடுத்தோம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மேப்பைப் பார்த்து, நாங்கள் போகிற வழியிலுள்ள கவுண்டிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதினாள். ஷையன், மோரில், பாக்ஸ் பியூட், டாஸ். எல்லைப் பலகை வந்ததும், “அப்புச்சி, இப்ப ஷையன்” என்று சத்தம் போட்டுச் சொல்வாள். அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த ஏற்பாடுகளிலேயே அந்த நோட்டுக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

நானும் ஒன்று எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். டேப் பிடித்து, ஏசி தொப்பியின் உச்சி வரை அளந்த உயரம்: 11 அடி 3 அங்குலம். வண்டியை ஒதுக்க அவசரமாக ஓர் இடம் கிடைக்கும்போது, நுழையுமா என்று இறங்கி நின்று அண்ணாந்து பார்க்க நேரம் இருக்காது.

முதல் நாளே ஸ்டெர்லிங் போகிற வழியில் சின்னக் கல் விழுந்தது. பட்டாணி அளவுதான். முன்னால் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் கார்கள் ஒதுங்கி, ஒதுங்கின கார்களுக்குப் பக்கத்தில் இன்னும் கார்கள் நின்று, கடைசியில் ஓடுகிற பாதையே அடைந்துவிட்டது. பின்னால் வருகிற லாரிக்குக் கண் தெரியாத மழை. மாப்பிள்ளை அங்கே நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் தாண்டி, சாலையை விட்டு முழுக்க இறங்கி, ஓய்வுத் திடலில் நிறுத்தி, வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பினார். முன்கண்ணாடி லேமினேட்டட், அடி வாங்கினாலும் வலையாக நின்று தாங்கும். பக்கக் கண்ணாடி டஃபன்ட். அது உடைந்தால் மொத்தமாக உதிரும். இது பஸ் கட்டுகிறவனுக்குத் தெரிந்ததுதான். ஓடிக்கொண்டே இருந்தால் கல்லின் வேகத்தோடு வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்ளும் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் மேம்பாலத்தைக் கண்டு ஒதுங்காமல் போவதற்கு ஒரு மனத்திடம் வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை கூடிற்று.

மறுநாள் காலை சிட்னி. நெப்ராஸ்கா சிட்னி. ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையம் தினமும் நாட்டு மேப்பில் நிறம் பூசி, அன்றைய இடிமழை ஆபத்தை ஐந்து படிகளாகச் சொல்லும். எங்கள் வழியில் இரண்டாவது படி. மதியம் பெட்ரோல் போட நின்றபோது ‘வாட்ச்’ வந்துவிட்டது. வாட்ச் என்றால் சாமான்கள் எல்லாம் தயார், சமையல் ஆகலாம் என்று அர்த்தம். ‘வார்னிங்’ என்றால் அடுப்பில் கொதிக்கிறது. ஓர் அங்குலக் கல் விழும் என்று தெரிந்தாலே வார்னிங் கொடுத்துவிடுவார்கள்.

“மாமா, அல்லயன்ஸ் எழுபத்தஞ்சு மைலுங்க. ஒன்றரை மணி நேரத்துல போயிரலாம். வடமேற்குல இருக்கறது வர்றதுக்குள்ள தாண்டிரலாமுங்க.”

“இல்லீங்க மாப்ள. இங்கயே இருந்துட்டுப் போலாம்.”

“கேம்ப்கிரவுண்டுல பணம் கட்டியாச்சுங்களே.”

நான் அதற்கு மேல் பேசவில்லை. வண்டி அவருடையது, லீவு அவருடையது. கிளம்பிவிட்டோம். அன்று நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். கோதுமைக் காடுகளுக்கு நடுவே 385-ஆம் நெடுஞ்சாலை வடக்கே நேராகப் போகிறது. அறுவடைக் காலம். பொன்னாக விளைந்து நிற்கிற பாதி, கம்பைன் ஓடி முடித்த தாள்க்கட்டை பாதி. டால்டன் தாண்டியதும் வடமேற்கே ஒரு மேகம் பூக்கோசு மாதிரி குவிந்து, உச்சி பட்டறைக்கல் மாதிரி தட்டையாகப் பரந்தது. “அப்புச்சி, இப்ப மோரில்” என்றாள் பேத்தி. ஐந்து நிமிஷம் இருக்கும், ரேடியோ அலறியது. மோரில் கவுண்டி. புயல் தென்கிழக்கே வருகிறது. கல் இரண்டு அங்குலம்.

வடக்கே போனால் அதன் வாய்க்குள்ளேயே போய் விழுவோம். திரும்பித் தெற்கே ஓடலாம், அது எங்கள் பின்னாலேயே வரும். மகள் ஒரு வார்த்தை பேசாமல் பேத்தியின் சீட் பெல்ட்டை இறுக்கினாள். அப்போதுதான் வலப்பக்கம் ஒரு பண்ணை தெரிந்தது. பெரிய தகரக் கொட்டகை, கதவு திறந்திருந்தது, உள்ளே ஒருவர் தானிய லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். “போங்க” என்றேன்.

எழுபது வயது இருக்கும் அந்த விவசாயிக்கு. நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டது ஒன்றுதான்: எவ்வளவு உயரம்? மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொல்லிவிட்டேன், பதினோரு அடி மூன்று அங்குலம். அவர் கதவைப் பார்த்தார். பதினாலு அடி. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். உள்ளே நின்றிருந்த தன் பிக்கப் வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே கொண்டுவந்து வெட்டவெளியில் நிறுத்தினார். பிறகு எங்களைக் கைகாட்டி உள்ளே வரச் சொன்னார்.

அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்ததே வண்டி உள்ளே போய் நின்ற பிறகுதான். இறங்கி ஓடி, “வேண்டாம், வேண்டாம்” என்று தமிழிலேயே சொன்னேன். அவர் மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அந்த வண்டி நிறைய அடி பார்த்தது, உங்கள் வண்டியில் ராத்திரி ஒரு குழந்தை தூங்க வேண்டுமே என்றாராம்.

கதவை இழுத்து மூடினோம். முதலில் காற்று. பிறகு தகரத்தின்மேல் ஒன்று, இரண்டு. பிறகு எங்கள் பட்டறையில் இருபது ரிவெட் கன் ஒரே நேரத்தில் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி. பேத்தி காதைப் பொத்திக்கொண்டு என் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளிச்சத்துக்காக அந்தக் கொட்டகைக் கூரையில் இடையிடையே ஃபைபர் தகடு போட்டிருந்தார்கள். அங்கேயும் அதே கதைதான். தகரம் தாங்கியது, வெளிச்சத்துக்கு விட்ட இடம் பொத்துக்கொண்டது. மூன்று தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. கீழே விதைக் கோதுமை மூட்டைகள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவி வண்டிக்குள் ஏறி மெத்தைகளை இழுத்து வெளியே போட்டார். வண்டிக் கூரைக்கென்று தைத்த கேன்வாஸ் மெத்தைகளை மூட்டைகள்மேல் போர்த்தினோம். மேலிருந்து விழுந்த கல் அதில் பட்டுச் சத்தமில்லாமல் உருண்டது.

பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அவ்வளவுதான். கதவைத் திறந்தால் தரை வெள்ளை. நல்ல வெயில் அடித்தது. பிக்கப்பின் முன்கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை, பானெட் முழுக்கக் குழி. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலியைத் தாண்டி நேரே காட்டுக்குள் நடந்தார். கொஞ்ச நேரம் முன்பு இடுப்புயரம் நின்ற கோதுமை தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு கதிரைப் பறித்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து ஊதினார். எங்கள் ஊரில் நெற்கதிரை அப்படித்தான் பார்ப்போம். உமி பறந்தது. கையில் ஒன்றும் இல்லை. நன்றாக முற்றின மணி கல் பட்டதும் உதிர்ந்து மண்ணுக்குள் போய்விட்டது. இன்னும் இரண்டு நாள் கிடைத்திருந்தால் அறுவடை முடிந்திருக்கும் என்றார்.

எங்கள் வண்டிக்குச் சின்னக் கீறல் இல்லை. ஒரு மாதம் கூரைமேல் கிடந்து நான் போட்ட மூடிகளும் சீலன்ட்டும் அன்றைக்குச் சோதனைக்கே போகவில்லை. அந்த மனிதர் அவற்றின் இடத்தில் தன் வண்டியை நிறுத்திவிட்டார். எனக்கு அவர் முன்னால் நிற்க முடியவில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கச் சொன்னார். கேம்ப்கிரவுண்ட் பணம் போயிற்று, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் மனைவி புளிசாதம் கிளறி, அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். விடிந்ததும் நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன், “அவருகிட்டக் கேளுங்க மாப்ள, பழைய தகரம் இருக்குதான்னு.” இருந்தது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஏணி போட்டு ஏறினோம். உடைந்த மூன்று தகடுகளையும் கழற்றினோம். தகரத்தை அளவுக்கு வெட்டினேன். மழைக்காற்று வடமேற்கிலிருந்து வருகிற ஊர் என்பதால், அந்தப் பக்கத்துத் தகடு மேலே ஏறி நிற்கும்படி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தேன். ஓரத்துக்கெல்லாம் வண்டியில் மிச்சமிருந்த இரண்டு சுருள் பியூட்டைல் டேப்பையும் ஒட்டினேன். அவர் கீழே நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாகப் பத்து வார்த்தை இருக்கும், அந்த வேலைக்கு அது போதுமாக இருந்தது. முடித்ததும் அவர் ஏறி வந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். நான் என் பட்டறைப் பையன்களின் வேலையை அப்படித்தான் பார்ப்பேன்.

பிக்கப்பை விடச் சொல்லிவிட்டார். டிங்கர் வேலை எனக்குத் தெரியும், இரண்டு நாளில் தட்டி எடுத்துவிடுவேன் என்று மாப்பிள்ளையைச் சொல்ல வைத்தேன். பள்ளத்தோடு அது நன்றாகத்தான் ஓடும் என்றார். கண்ணாடிக்கு ஆள் வருகிறாராம். பயிர்க் காப்பீட்டுக்காரரும் சாயங்காலம் வருவாராம். அதற்குள் அவருக்குப் பார்க்க வேண்டிய வேலைகள் இருந்தன.

கிளம்பிப் பிரிட்ஜ்போர்ட் போய், மேற்கே திரும்பிச் சிம்னி ராக் பாறையைப் பார்த்தோம். 1840-களிலும் 50-களிலும் மேற்கே குடிபெயர்ந்தவர்கள் பிளாட் ஆற்றை ஒட்டி இந்த வழியாகத்தான் போனார்கள். தூரத்திலிருந்தே தெரிகிற அந்தப் பாறை அவர்களுக்கு அடையாளம். அவர்களுடைய வண்டியும் வீட்டுவண்டிதான். மரத்தை வளைத்து விலா வைத்து, எண்ணெய் தடவின துணியைக் கூரையாகப் போர்த்தியிருப்பார்கள். ரொம்ப நேரம் அந்தப் பாறையடியில் உட்கார்ந்திருந்தேன். இந்த வானத்துக்குக் கீழே, அந்தத் துணிக்கு அடியில், குழந்தைகளை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் மனைவி கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வடமேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

மத்தியானத்துக்குமேல் அல்லயன்ஸ் சாலையில் ஏறினோம். மெத்தைகள் நனைந்திருந்ததால் உள்ளே குளியலறையில் தொங்கப் போட்டிருந்தோம். ஒன்று மட்டும் குறைந்தது. வெளிச்சக் கூண்டுக்குத் தைத்தது. அதை விதை மூட்டைமேலேயே விட்டுவிட்டு வந்ததாக என் மனைவி அப்புறம்தான் சொன்னார். மறந்து விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று நான் கேட்கவில்லை. எல்லைப் பலகை வந்தது. பேத்தி நோட்டை எடுத்து மோரில் என்ற பேருக்குப் பக்கத்தில் ஒரு வீடு வரைந்தாள். பெரிய கதவு வைத்த வீடு. பிறகு, “அப்புச்சி, இப்ப பாக்ஸ் பியூட்” என்றாள்.